மன்னார் வளைகுடாவின் கோமாளி மீன்

மன்னார் வளைகுடாவின் வரலாறு நெடுங்காலம் முத்தையும் சங்கையும் சுற்றியே எழுதப்பட்டு வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1890-இல் வெளியிட்ட நூலும் அவ்விரண்டையுமே முன்னிறுத்தியது. ஆயினும் அவ்வளைகுடாவின் பிற கடலுயிர்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் கரையோர உயிர்களை எஃப். எச். கிரேவ்லி பதிப்பாசிரியராக இருந்து 1927-இல் அருங்காட்சியக வெளியீடாகத் தொகுத்தளித்தார். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தோன்றி, 1949-இல் மண்டபத்தில் நிலைகொண்டபின், பவளப்பாறை மீன்களைத் தொடர்ந்து ஆராயும் வாய்ப்பு அக்கரையிலேயே அமைந்தது.

அம்மீன்களுள் ஒன்றே கோமாளி மீன். மன்னார் வளைகுடாவில் வாழும் இனத்திற்கு ப்ளீக்கர் என்னும் டச்சு அறிஞர் 1853-இல் இட்ட அறிவியல் பெயர் ஆம்ஃபிப்ரியான் செபே. கரும்பழுப்பு உடலில் இரண்டு வெண்பட்டைகளும் மஞ்சள் வாலும் கொண்ட இம்மீன், ஒரு சாண் நீளத்தைக்கூட எட்டாதது. அது குடியிருப்பது கடல் சாமந்தியில். பூப்போல விரிந்திருந்தாலும் அது ஒரு விலங்கு, அதன் உணர்கொம்புகளில் உள்ள நுண்ணிய கொட்டும் செல்கள் சிறு மீன்களைச் செயலிழக்கச் செய்துவிடும். கோமாளி மீனின் உடலை மூடிய வழவழப்பான படலம் அக்கொட்டுதலைத் தூண்டாததால், வேற்று மீன் நெருங்க அஞ்சும் இடமே அதற்கு அரணாகிறது. பதிலுக்கு, சாமந்தியைக் கொறிக்க வரும் மீன்களை அது விரட்டியடிக்கிறது.

ஒரு சாமந்தியில் பெரும்பாலும் ஓர் இணையும், இன்னும் பருவமடையாத சில சிறு மீன்களுமே வாழும். எல்லாவற்றிலும் பெரியது பெண், அடுத்தது ஆண். பெண் இறந்துவிட்டால் அந்த ஆணே பெண்ணாக மாறுவதையும், எஞ்சியவற்றுள் பெரியது ஆணாக முதிர்வதையும் ஹான்ஸ் ஃபிரிக்கேயும் சிமோன் ஃபிரிக்கேயும் 1977-இல் எடுத்துக்காட்டினர். கண்ணாடித் தொட்டிகளுக்காக இம்மீனைப் பிடித்து விற்கும் வணிகத்தின் கேடு இவ்விடத்தில்தான் வெளிப்படுகிறது. இடம்விட்டு ஓடாத மீனைக் கைவலையால் பிடிப்பது எளிது. பெரிய மீனை எடுத்தால் அக்குடும்பத்தின் முட்டையிடும் தாய் போய், அடுத்தது அவ்விடத்திற்கு வளரும்வரை இனப்பெருக்கம் நின்றுபோகிறது. சாமந்தியையும் சேர்த்துப் பெயர்த்துவிட்டால் மிஞ்சிய சிறுமீன்களுக்குப் புகலிடமே இல்லை. பவளப்பாறை சூழ்ந்த 21 தீவுகளைக் கொண்ட இப்பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, அதன் பிறகும் கண்காணிப்புக்கு ஓய்வில்லை.

ஆனால் அதே ஒட்டி வாழும் இயல்புதான் பொரிப்பகத்திற்கும் வழி திறந்தது. காவிரிக்கரையில், பரமத்தி வேலூர்ப் பக்கத்து வாய்க்கால்களில், செந்நிறக் குஞ்சுத் திரளுக்குக் கீழே விரால் காவல் நிற்பதைக் கண்டவர்களுக்கு, மீனும் பெற்றோராகும் என்பது புதிதன்று. கோமாளி மீனும் தன் முட்டைகளைக் காவல் காக்கிறது. சாமந்தியின் அடியொட்டிய கல்லை வாயால் துப்புரவு செய்தபின், பெண் நூற்றுக்கணக்கான முட்டைகளை வரிசையாக ஒட்டுகிறது. ஆண் மார்புத் துடுப்பால் விசிறி நீரோட்டம் தருகிறது, கெட்ட முட்டைகளைப் பொறுக்கி அகற்றுகிறது. முதலில் ஆரஞ்சாக இருக்கும் முட்டைகள் கருமையாகி, ஒரு வாரத்தில் உள்ளே வெள்ளிக் கண்கள் மின்ன, பொழுதடைந்தபின் பொரிகின்றன. திறந்த கடலில் அக்குஞ்சுகள் ஏறத்தாழ இரு வாரம் மிதந்து திரியும். பெரும்பகுதி அழிவது அப்போதுதான்.

மண்டபத்திலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடலுயிரியல் மையத்திலும் அறிஞர்கள் பொறுமையுடன் வென்றது இவ்விரு வாரத்தையே. தொட்டியில் ஓடுகளும் பானைகளும் வைத்து இணைசேர்த்த மீன்கள் அவற்றிலேயே முட்டையிட்டன. பொரித்த குஞ்சுகளுக்கு முதலில் ரோட்டிஃபர் என்னும் கண்ணுக்கெட்டா நீருயிரும், பிறகு ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறாலின் குஞ்சும் இரையாயின. இத்தொழில்நுட்பம் கடற்கரைப் பெண்கள் குழுக்களுக்கும் கற்பிக்கப்பட்டது, மீன்பிடிப்பைச் சாராத ஒரு வருவாயாகவும் ஆயிற்று. பொரிப்பக மீன் தொட்டியிலேயே பிறந்ததால் செயற்கை உணவுக்குப் பழகியது, கடலில் பிடித்ததைவிட நீண்டு வாழவும் வல்லது. ஆகவே கோமாளி மீனை வாங்க நினைப்போர், அது பொரிப்பகத்தில் பிறந்ததா என்று கடைக்காரரிடம் கேட்டறிந்து, உறுதி கிடைத்தால் மட்டுமே வாங்க வேண்டும்.