நர்சிங் படிப்பில் சமூகவியல் எதற்கு?

பூம்பாறைக்குப் போகிறவர்கள் பலரும் கொடைக்கானலைத் தாண்டித்தான் போகிறார்கள். அந்தக் கொடைக்கானலில்தான் 1960-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் காலமானார். வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கியவர் என்று அவரைப் பலருக்கும் தெரியும். நர்சிங் படிப்போடு அவருக்கு உள்ள தொடர்புதான் அவ்வளவாகத் தெரியாது.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-லேயே நர்சிங் பயிற்சி வந்துவிட்டது. ஐடா 1909-ல் வேலூரில் நர்சிங் பள்ளி ஆரம்பித்தார். அன்றைய பயிற்சி பெரும்பாலும் வார்டில்தான். வேலை செய்துகொண்டே கற்க வேண்டும். பற்று வரவு தெரியாதவரைப் பேரேடு எழுத உட்கார வைப்பது போலத்தான். (இங்கே தப்பினால் போவது உயிர்!)

1946-ல் சர் ஜோசப் போர் தலைமையிலான குழு அறிக்கை தந்தது. சுமார் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்தான் இருந்தாராம். இந்த லட்சணத்தில் வருடக்கணக்கில் வகுப்பில் உட்கார வைப்பதா என்று யாருக்கும் தோன்றும். ஆனாலும் அதே 1946-ல் வேலூரிலும் டெல்லியிலும் பி.எஸ்ஸி. நர்சிங் தொடங்கினார்கள். துணிச்சல்தான்.

இன்றைய பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல், நர்சிங் அடிப்படைகள் எல்லாம் வந்துவிடும். கூடவே சமூகவியலும். ஊசி போடுகிறவருக்கு அது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு.

ஐடா இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். அவருடைய அப்பா டாக்டர்தான். ஆண் என்பதால் மூன்று குடும்பங்களும் அவரை வேண்டாம் என்றன. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.