பொத்தானின் பாடபேதங்கள்: ஒரே நிரல், மூன்று முகம்

பைத்தானின் டிகின்டரில் எழுதிய சின்ன நிரல் ஒன்று. சாளரத்தில் ஒரே பொத்தான், பின்னணி நிறம் சிவப்பு. விண்டோஸிலும் லினக்ஸிலும் அது சிவப்பாகவே வரும். மேக் கணினியிலோ அந்த நிறக் கட்டளை பொத்தானின் முகத்தில் ஏறுவதில்லை. மேக் தன் வழக்கமான பொத்தானையே காட்டும். பிழைச் செய்தியும் வராது. பல இயங்குதளங்களுக்கும் பொதுவான கருவித்தொகுப்புகளில் இத்தகைய வேறுபாடு ஏன் வருகிறது என்று கேட்டால் எளிதில் கிடைக்கும் பதில், ஆக்கியவர்களின் அவசரம் என்பது. இக்கட்டுரை அதை ஏற்கவில்லை.

இத்தகைய வேறுபாடுகளைப் படிக்கும் முறைக்கு ஒரு முன்மாதிரி கொல்கத்தாவில் இருக்கிறது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டுப் பனுவல்கள், ஆவணங்கள் பள்ளி, சுகாந்த சௌதுரியின் தலைமையில் உருவாக்கி 2013-இல் வெளியிட்ட 'பிசித்ரா' தொகுப்பு, தாகூரின் கையெழுத்துப் படிகளையும் அச்சுப் பதிப்புகளையும் ஒருங்கே தருகிறது. அதன் 'பிரபேத்' மென்பொருள் அந்தப் பாடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காட்டும். பாடபேதத்தைப் படியெடுத்தவரின் கவனக்குறைவு என்று தள்ளாமல் சாட்சியாக எடுத்துக்கொள்ளும் அந்தப் பார்வையைப் பொத்தானுக்கும் பொருத்தலாம்.

அவசரம் என்ற விளக்கத்துக்கு அழுத்தமான வடிவம் கொடுத்தவர் புரூஸ் எக்கல். ஜாவா கற்றவர்களில் ஒரு தலைமுறையே படித்த அவரது 'திங்கிங் இன் ஜாவா', அம்மொழியின் முதல் வரைகலைத் தொகுப்பான ஏடபிள்யூடியைக் கடுமையாகச் சாடுகிறது. எல்லா அமைப்புகளிலும் அழகாகத் தெரிவதே அதன் இலக்கு. கிடைத்ததோ எல்லா அமைப்புகளிலும் ஒரே அளவு சுமாரான தோற்றம். எழுத்துருக்கள் நான்குதான். அந்தத் தொகுப்பு கருக்கொண்டு முடிந்ததெல்லாம் ஒரே மாதத்தில் என்று தாம் கேட்டறிந்ததையும் எக்கல் பதிவு செய்கிறார். இந்தக் கடைசிச் செய்தியே மற்ற குறைகளுக்கெல்லாம் வேர் என்று வாசகர் எடுத்துக்கொள்ள அது போதுமானதாக இருக்கிறது.

இதில் பாதி சரி. நான்கு எழுத்துரு என்ற வறுமைக்கு அவசரம் காரணமாயிருக்கலாம். ஜாவா 1.0 வந்தது 1996-இல். மறு ஆண்டே 1.1 பதிப்பில் நிகழ்வுகளைக் கையாளும் முறை முழுதும் மாற்றப்பட்டதும் அவர் பக்கம் பேசுகிறது.

ஆனால் பொத்தானின் கதை வேறு. ஏடபிள்யூடியின் பொத்தான் தன்னைத் தானே வரைந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு இயங்குதளத்திலும் அதற்கு 'பியர்' எனப்படும் ஓர் இணை இருந்தது. சோலாரிஸ் என்ற யூனிக்ஸ் அமைப்பில் மோட்டிஃப் தொகுப்பின் பொத்தானும் விண்டோஸில் அதன் சொந்தப் பொத்தானும் அந்த வேலையைச் செய்தன. பத்தாண்டு எடுத்துச் செதுக்கியிருந்தாலும் இவ்விரண்டும் வெவ்வேறாகத்தான் தெரிந்திருக்கும், ஏனென்றால் வரைந்த கைகள் வேறு. அகலமும் உயரமும்கூட அமைப்புக்கு அமைப்பு மாறின. உறுப்புகளை இத்தனையாவது புள்ளியில் நிறுத்து என்று சொல்லாமல் அடுக்கும் பொறுப்பைத் தனி நிர்வாகியிடம் ஜாவா விட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவசரமே இல்லாதவர்களும் இதே வழியில் போனார்கள். 1992-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கிய டபிள்யூஎக்ஸ் தொகுப்பு, அந்தந்த அமைப்பின் உறுப்புகளுக்கு மேல் போர்த்திய உறைதான். 2001-இல் எக்லிப்ஸ் நிரலாக்கச் சூழலோடு வெளியான எஸ்டபிள்யூடி என்ற ஜாவா தொகுப்பு, ஏடபிள்யூடியின் வரலாறு முழுவதும் கண்முன் இருந்தும் அமைப்பின் சொந்தப் பொத்தானுக்கே திரும்பியது. எதிர்வழியில் போனது ஏடபிள்யூடிக்குப் பின் வந்த ஜாவா தொகுப்பான ஸ்விங். எல்லாவற்றையும் தானே வரைந்து, 'மெட்டல்' தோற்றத்தை எங்கும் ஒன்றாகக் காட்டியது. ஆனால் விண்டோஸைப் போல் தெரிய முயன்றபோது வேறொரு சிக்கல் வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி 2001-இல் புதுப் பொத்தானோடு வந்தது. அதன் சாயல் ஸ்விங்குக்குக் கிடைத்தது 2003-இன் 1.4.2 பதிப்பில்தான். இடத்தால் வந்த வேறுபாடு இப்போது காலத்தால் வந்தது.

இவற்றையெல்லாம்விட முக்கியமான சாட்சி ஒரே ஒரு மாறி. பெர்க்லியில் ஜான் ஔஸ்டர்ஹவுட் உருவாக்கி 1991-இல் யூஸ்னிக்ஸ் மாநாட்டில் விளக்கிய டிகே (தொடக்கத்தில் கண்ட டிகின்டருக்கு அடியில் இருப்பது), யூனிக்ஸின் எக்ஸ் சாளர அமைப்பில் மட்டும் ஓடிய தொகுப்பாகத் தொடங்கியது. மோட்டிஃபின் சாயலில் தன் பொத்தானைத் தானே வரைந்தது. அதன் கையேட்டில் 'டிகே_ஸ்ட்ரிக்ட்மோட்டிஃப்' என்றொரு மாறி உண்டு. இயல்பு மதிப்பு பூஜ்யம். ஒன்று என வைத்தால் மோட்டிஃப் விதிகளை இயன்றவரை அப்படியே பின்பற்றும். கையேடு தரும் எடுத்துக்காட்டு: சுட்டி மேலே வரும்போது பொத்தானின் நிறம் மாறாது. இன்றைய நிரல்கள் இதைப் பயன்படுத்த வேண்டியதில்லை என்ற குறிப்பும் கூடவே இருக்கிறது.

அதாவது, எதுவும் செய்யாமல் விட்டால் டிகே பொத்தான் மோட்டிஃப் விதியிலிருந்து விலகியே நிற்கும். ஒரே திரை, ஒரே இயங்குதளம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொத்தான், ஒன்று டிகேயினுடையது, மற்றது மோட்டிஃபினுடையது. சுட்டி பட்டால் முன்னது நிறம் மாறும், பின்னது மாறாது. இங்கே பல இயங்குதளமும் இல்லை, ஒரு மாத அவசரமும் இல்லை. விலகல் விலகல்தான் என்று அறிந்தே, அதை அணைக்க ஒரு சாவியும் வைத்திருக்கிறார்கள்.

ஒரு மாறியை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று கேட்கலாம். பழைய மோட்டிஃப் பயனர்களைச் சமாதானப்படுத்தப் பின்னர் ஒட்டப்பட்ட வசதியாகவும் அது இருக்கலாம். அந்த வாய்ப்பை முழுதும் ஒதுக்க முடியாது. ஆனால் பின்னர் ஒட்டியது என்றே கொண்டாலும் வாதம் தளராது. தெரியாமல் நேர்ந்த பிழையாக இருந்தால் அதைத் திருத்தியிருப்பார்கள். இவர்களோ பிறழ்வை இயல்பாகவும் விதியை விருப்பமாகவும் வைத்தார்கள்.

டிகே எப்போது பேனாவை இயங்குதளத்திடம் கொடுத்தது என்பதற்கு ஓர் ஆண்டைச் சுட்டுவது கடினம். 1996-இன் 4.1 பதிப்பில் அது விண்டோஸுக்கும் மேக்குக்கும் போனது. 1997-இன் 8.0, அந்தந்த அமைப்பின் சொந்தத் தோற்றத்தைக் கொண்டுவந்தது. 2007 டிசம்பரின் 8.5, டிடிகே என்ற புதிய உறுப்புகளைச் சேர்த்தது: 'கிளாம்', 'ஆல்ட்' போன்ற தோற்றங்கள் எங்கும் கிடைக்கும், 'அக்வா' மேக்கில் மட்டும். இயங்குதளம் வரையத் தொடங்கியதைத் திருப்பம் என்றால் 1997. யார் வரைவது என்ற தேர்வு நிரலருக்கு வந்ததைத் திருப்பம் என்றால் 2007. பழைய பொத்தானை 8.5 நீக்காததால் இரண்டாவது தேதியும் முழுமையானதல்ல. லினக்ஸில் டிடிகே பொத்தானும், மோட்டிஃப் சாயலில் விளிம்பு புடைத்த பழைய பொத்தானும் இன்றும் ஒரே சாளரத்தில் அருகருகே அமரலாம்.