பெரியாழ்வாரின் பேச்சும் திரையின் வசனமும்

புனைந்துரைக்கும் முறையை நாடக வழக்கு என்றும், மக்கள் உண்மையில் நடந்துகொள்ளும் முறையை உலகியல் வழக்கு என்றும் பிரித்த தொல்காப்பியம், இவ்விரண்டும் கலந்ததையே புலனெறி வழக்கம், அதாவது செய்யுள் செய்வோரின் நெறி, என்று கொண்டது. திரைப்பட மாந்தர் செந்தமிழில் பேச வேண்டுமா, தெருவில் கேட்கும் தமிழில் பேச வேண்டுமா என்று பிற்காலத்தில் எழுந்த விவாதத்தின் வேர் இந்தப் பிரிவினையில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் இவ்விவாதத்திற்குத் தரும் சான்றுகள், சென்னைப் படப்பிடிப்பு நிலையங்களின் வரலாறு தருவனவற்றினும் பழையவை.

ஏறத்தாழ 8, 9ஆம் நூற்றாண்டுகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்த பெரியாழ்வார், கண்ணனை வளர்க்கும் யசோதையின் குரலை ஏற்றுப் பாடியபோது, சப்பாணி, அச்சோ, அப்பூச்சி காட்டல் (இன்றைய பூச்சாண்டி காட்டல்) எனக் குழந்தையைச் சுற்றி வீட்டுக்குள் புழங்கும் சொற்களைப் பாசுரத்திற்குள் தயக்கமின்றிக் கொண்டுவந்தார். குழந்தையின் குழலை வாரக் காக்கையை அழைக்கும் தாயும், பிள்ளையின் குறும்பு பொறுக்காமல் முறையிடும் அண்டைவீட்டுப் பெண்களும் அவருடைய திருமொழியில் பேசுகிறார்கள். அவர் மகள் ஆண்டாள் இன்னும் ஒருபடி மேலே சென்றார். வில்லிபுத்தூரையே ஆய்ப்பாடியாகவும் தம்மை ஆயர் பெண்ணாகவும் பாவித்த அவரிடம் இடையர் நடையும் இடையர் பேச்சும் மட்டுமன்றி, பால் தயிர் புழங்குவோரின் முடைநாற்றமும் ஏறிவிட்டது என்று வைணவ உரை மரபு வியந்து சொல்கிறது. நடிகர் பாத்திரமாகவே மாறுவதைப் பற்றி இன்றைய நடிப்புப் பள்ளிகள் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. திருப்பாவையின் 30 பாசுரங்களுள் 15ஆவது முழுவதும், வாசலில் நிற்பவர்களுக்கும் உள்ளே உறங்குபவளுக்கும் இடையிலான சொல்லாட்டமாக, யார் பேசுகிறார் என்ற குறிப்பு எதுவுமின்றி அமைந்தது. அதன் முதல் விளியான ‘எல்லே’, தென்மாவட்டப் பேச்சின் ‘ஏலே’யை இன்றைய வாசகருக்கு நினைவூட்டக்கூடும். ஆயினும் அந்தப் பேச்சு கொச்சகக் கலிப்பா என்னும் யாப்புக்குள் அடங்கியே ஒலிக்கிறது.

திரைப்படம் இந்தக் கலப்பை நெடுங்காலம் பின்பற்றவில்லை. ஒலிபெருக்கி பரவாத காலத்து நாடகக் குழுக்களில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி நிறுத்தி, முழங்கிப் பேசப் பயின்றவர்களே தொடக்கத்தில் திரைக்கும் வந்தார்கள் என்பது இதற்கு ஒரு காரணம். ‘கண்ணகி’க்கு (1942) இளங்கோவன் எழுதிய அடுக்குச் சொல் வசனமும், ‘பராசக்தி’க்கு (1952) மு. கருணாநிதி எழுதிய நீதிமன்ற வசனமும் படத்திலிருந்து தனியே பிரித்து மனப்பாடம் செய்யப்பட்டன. ஒலிச்சித்திரம் எனப்படும் வசனத் தொகுப்புகள் பின்னர் திருமண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் ஒலித்தன. நாடகக் குழுவில் பயின்ற ஏ.பி. நாகராஜனின் ‘திருமால் பெருமை’யில் (1968) சிவாஜி கணேசன் பெரியாழ்வாராகத் தோன்றியபோது ஸ்ரீவில்லிபுத்தூர் மாந்தரும் அந்த மெருகுத் தமிழையே பேசினர். அப்பூச்சி காட்டிய ஆழ்வாருக்கு, அவரே வேண்டிக்கொள்ளாத இலக்கணத் தூய்மையைத் திரை அளித்தது. அதன் ஓசையழகை மறுக்க முடியாது. ஆனால் பெரியாழ்வாரின் பாசுரங்களை விட அப்படத்தின் வசனம் மக்கள் பேச்சிலிருந்து தொலைவில் நிற்கிறது.

பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ (1977) படப்பிடிப்பு நிலையத்தை விட்டு வெளியேறிக் கிராமத்துப் பேச்சை மையத்திற்குக் கொண்டுவந்த பின்னர், கரிசல் நிலமும் திரையில் பேசத் தொடங்கியது. விருதுநகரைச் சேர்ந்த வசந்தபாலனின் ‘வெயில்’ (2006), ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ சிறுகதையிலிருந்து சசி உருவாக்கிய ‘பூ’ (2008) ஆகியவை இவ்வட்டாரத்து வாழ்வை நேரடியாகத் தொட்டன. இவற்றுள் ‘பூ’வே, சொல்லை மட்டுமன்றிச் சொல்லாமல் விடுவதையும் பேச்சின் பகுதியாகக் கொண்டமையால், உலகியல் வழக்கை நன்கு புரிந்துகொண்ட படம் எனலாம். இதற்கு மாறாக, ஒரு சில விளிச்சொற்களையும் வினைமுற்றுகளையும் தூவிவிட்டால் வட்டார வழக்கு வந்துவிடும் என்று நம்பிய படங்களின் பேச்சு, அடுக்குமொழியைப் போலவே செயற்கையானது.

ராஜபாளையம் இன்னொரு சிக்கலை முன்வைக்கிறது. இவ்வூர் ராஜுக்களின் வீட்டுமொழி தெலுங்கு. கடைத்தெருவிலும் ஆலையிலும் அவர்கள் பேசுவது தமிழ். ஒரே உரையாடலுக்குள் மொழி மாறுவது அங்கு இயல்பு. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’, தமிழும் தெலுங்கும் கலந்தே பேசியது; நடிகர்களுக்குத் தெரிந்த மொழியில் பேச விட்டதால் நேர்ந்த அந்தக் கலப்பு பின்னாளில் ஒரு வேடிக்கைச் செய்தியாகவே நினைவுகூரப்பட்டது. அதன் பின் தமிழ்ப்படம் ஒரு மொழிப் படமாகவே வளர்ந்தது. திண்ணையில் தமிழும் அடுக்களையில் தெலுங்குமாகப் புழங்கும் ராஜபாளையத்து வீட்டின் பேச்சை, அதைக் கேலிக்குரிய உச்சரிப்பாக ஆக்காமல் எழுதும் வசனகர்த்தாவுக்குத் தமிழ்த் திரையில் இன்னும் இடம் காலியாகவே இருக்கிறது.