வளவு: சுற்றி வளைத்த ஒரு சொல்

கானாடுகாத்தானில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர் "அரண்மனை எங்கே?" என்று கேட்கிறார். ஆத்தங்குடியிலும் அதே கேள்விதான். வழிகாட்டிப் பலகையில் அரண்மனை, சுற்றுலாக் கையேட்டில் அரண்மனை, படப்பிடிப்புக்கு இடம் பார்க்க வருபவர்கள் வாயிலும் அரண்மனை. அந்தக் கட்டடங்களைக் கட்டிய நகரத்தார், அதாவது செட்டிநாட்டு வணிகச் செட்டியார்கள், பேச்சில் மட்டும் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. அவர்களுக்கு அது வீடு. மிஞ்சிப்போனால் பெரிய வீடு. வீட்டுக்குள்ளே முக்கியமான இடம் எது என்று கேட்டால் வளவு என்பார்கள்.

இந்த அடக்கம் செட்டிநாட்டுக்கு மட்டும் உரியதல்ல. இத்தாலியில் கடற்கழி நடுவே நிற்கும் வெனிஸும் வணிகர்கள் எழுப்பிய ஊர். அங்கே பெருங்கால்வாயின் இரு கரையிலும் பளிங்கும் பொன்பூச்சுமாக நிற்கும் மாளிகைகளுக்கு ஊரார் வைத்த பெயர் 'கா'. வீடு என்று பொருள்படும் 'காஸா'வின் சுருக்கம் அது. கா தோரோ, கா ஃபோஸ்காரி, கா ரெட்ஸோனிக்கோ எல்லாமே பேச்சளவில் வெறும் வீடுகள்தான். குடியரசுக் காலத்தில் 'பலாட்ஸோ' என்ற பட்டம் நாட்டுத் தலைவரான டோஜேயின் மாளிகை ஒன்றுக்கே உரியதாக இருந்தது.

செட்டிநாட்டிலும் கணக்குப் பார்த்தால் அரண்மனை என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு வீட்டுக்குத்தான் முகாந்திரம் உண்டு. கானாடுகாத்தானில் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய வீடு அது. 1923இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1929இல் பரம்பரை ராஜா பட்டமும் வந்தது. ராஜா இருக்கும் வீடு அரண்மனை என்றால் மறுக்க முடியாது. மற்ற வீடுகளுக்குச் சுற்றுலாத் தொழில்தான் முடி சூட்டியிருக்கிறது.

இனி வீட்டுக்குள். உயரமான அடித்தளத்தின்மேல் முகப்பும் இருபுறத் திண்ணையும். அடித்தளம் ஏன் இத்தனை உயரம் என்றால், காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட நினைவு என்று ஒரு செவிவழிக் கதை சொல்வார்கள். முகப்பில் ஆண்கள் உட்கார்ந்து வரவு செலவு பேசுவார்கள். தேக்கு நிலையைத் தாண்டினால் வானம் பார்த்த முற்றம், நாலு பக்கமும் தூண் வரிசை, தூண்களுக்குப் பின்னே நடை, அதை ஒட்டி இருபுறமும் அறைகள். இதுதான் வளவு. முற்றத்தை நோக்கிய மேடான பகுதி பட்டாலை. பட்டகசாலை என்ற நீண்ட சொல் நாக்கில் தேய்ந்து இப்படி ஆனது. வளவைக் கடந்தால் இரண்டாங்கட்டு, பிறகு அடுப்படி இருக்கும் மூன்றாங்கட்டு, கடைசியில் தோட்டம். ஒரு தெருவில் தொடங்கும் வீடு அடுத்த தெருவில் போய் முடியும். வெனிஸ் வீடுகளிலும் 'போர்தெகோ' என்ற நீண்ட நடுக்கூடம் கால்வாய்ப் பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஓடுகிறது. வணிகனுக்குச் சரக்கு வர ஒரு வாசல், ஆள் வர ஒரு வாசல் வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

கூரை ஓடுகள் உள்நோக்கிச் சரிந்திருப்பதால் மழை முழுவதும் வளவு முற்றத்தில்தான் விழும். அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்தது போக மீதி வடிகால் வழியே வெளியேறும். மழை குறைந்த சீமையில் இந்த ஏற்பாட்டின் அருமையை விளக்க வேண்டியதில்லை. சோழநாட்டிலும் கொங்கிலும் இத்தகைய அமைப்பைத் தொட்டிக்கட்டு என்பார்கள், கேரளத்தில் நாலுகெட்டு, யாழ்ப்பாணத்தில் நாற்சார் வீடு. தொட்டி வடிவத்தைச் சொல்கிறது, நாலும் நாற்சாரும் எண்ணிக்கையைச் சொல்கின்றன. செட்டிநாடு மட்டும் ஏன் வளவு என்றது?

சொல்லின் வேர் 'வளை'. வளைத்தல் என்றால் கோணலாக்குதல் மட்டுமன்று. சூழ்தல், சுற்றி அடைத்தல் என்றும் பொருள். வளையம், வளையல், வளாகம் எல்லாம் அந்தக் குடும்பம். புறநானூற்றின் 189ஆம் பாட்டில் நக்கீரர் கடல் சூழ்ந்த உலகையே வளாகம் என்கிறார். இன்று அதே சொல் கல்லூரி வளாகம், ஆட்சியர் அலுவலக வளாகம் என்று மதில் சுவருக்குள் அடங்கிவிட்டது. வளவு என்பதைச் சிலர் 'வளைவு' என்று எழுதி, அறைகளுக்கு மேலுள்ள வில் வடிவ வளைவுகளோடு முடிச்சுப் போடுகிறார்கள். வேர் ஒன்று என்பதால் முழுப் பிழை என்று தள்ள முடியாது. ஆனால் வில்வளைவே இல்லாத சின்ன ஓட்டு வீட்டிலும் வளவு உண்டு. சுற்றி அடைக்கப்பட்ட இடம் என்பதே பொருந்தும் பொருள்.

ஊருக்கு ஊர் எதை அடைத்தார்கள் என்பதில்தான் சொல்லின் சுவாரசியம் இருக்கிறது.

சேலம், நாமக்கல் பக்கம் போனால் வளவு என்பது ஒரு வீட்டின் பகுதியாக இருப்பதில்லை. பல வீடுகளின் தொகுதி அது. உறவுக்காரர்களோ ஒரே சாதியாரோ சேர்ந்து குடியிருக்கும் இடம். ஊரை விட்டு ஒதுக்கி வைக்கப்பட்டவர்களின் குடியிருப்பையும் சாதிப் பெயரோடு வளவு சேர்த்தே சொல்லிவந்தார்கள். உள்ளே இருப்பவரைக் காக்கும் வேலி வெளியே இருப்பவரைத் தள்ளியும் வைக்கும். இரண்டு வேலையையும் இந்தச் சொல் செய்திருக்கிறது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் ஊர்ப்பெயர்களே கீழவளவு, மேலவளவு என்று இருக்கின்றன. கீழவளவுக் குன்றில் சமணர் படுக்கைகளும் தமிழ்பிராமிக் கல்வெட்டும் உள்ளன.

கடல் தாண்டினால் பொருள் தலைகீழாகிறது. யாழ்ப்பாணத்தில் வளவு என்றால் வீட்டைச் சுற்றியுள்ள நிலம். கிணறும் பனையும் பலாவும் மாட்டுக்கொட்டிலும் அதில் அடக்கம். கிடுகு வேலியோ பூவரசங் கதியாலோ எல்லை. செட்டிநாட்டில் வீட்டுக்குள் வளவு, யாழ்ப்பாணத்தில் வளவுக்குள் வீடு. போரில் வீடு தரைமட்டமான பிறகும் "எங்கட வளவு" என்று யாழ்ப்பாணத்தார் உரிமையோடு சொல்ல முடிந்தது. செங்கல் போனாலும் எல்லை இருந்தது.

சிங்களத்தில் இதே சொல் 'வலவ்வ' ஆயிற்று. தமிழ் வளவிலிருந்து போனது என்பதே பொதுவாக ஏற்கப்படும் கருத்து. அங்கே அது நிலவுடைமைப் பிரபுவின் மாளிகை. முதலியார், ரட்டே மகாத்மயா என்ற பதவி வகித்த உள்ளூர்த் தலைவர்கள் வாழ்ந்த வீடு வலவ்வ. பண்டாரநாயக்கக் குடும்பத்தின் ஹொரகொல்ல வலவ்வ இன்றும் பேர்போனது. தமிழில் குடியானவர் வேலிக்கும் ஒதுக்குப்புறக் குடியிருப்புக்கும் உதவிய சொல், மொழியைத் தாண்டியதும் பிரபுத்தனத்தின் அடையாளமாகிவிட்டது. செட்டிநாட்டு வளவு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் பெல்ஜியக் கண்ணாடியும் முட்டை வெள்ளை தேய்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரும் பிரபுத்தனத்தைக் காட்டுகின்றன. பெயரோ கூட்டுக் குடியிருப்பைச் சொல்கிறது.

பெயர்தான் உண்மைக்கு நெருக்கம். நகரத்தாரில் மணமான ஒவ்வோர் ஆணும் மனைவியும் சேர்ந்து ஒரு 'புள்ளி'. கோயில் வரி போடுவதும் புள்ளிக் கணக்கில்தான். மகனுக்குக் கல்யாணமானதும் வளவை ஒட்டி ஓர் அறையோ இரட்டை அறையோ அவன் புள்ளிக்கு ஒதுக்கப்படும். அதோடு 'வேறு வைப்பார்கள்': அரிசி பருப்பு அளந்து கொடுத்து, தனி அடுப்பு மூட்டித் தனியே பொங்கிச் சாப்பிடச் சொல்லிவிடுவார்கள். சண்டையால் வந்த பிரிவினை என்று இதை நினைக்கக் கூடாது. சண்டை வராமலிருக்க முன்கூட்டியே செய்த கணக்கு. அடுப்பு பல, அறை பல, வளவு ஒன்று. கல்யாணமும் சாவும் முன்னோருக்கான படைப்பும் எல்லாருக்கும் பொதுவான அந்த நடுப்பகுதியில் நடக்கும். ஆகவே ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த கூட்டுக் குடும்பத்துக்கும் வளவு என்றே பெயர் வந்தது. நகரத்தார் வணிகத்தை ஆராய்ந்து 1994இல் நூல் எழுதிய டேவிட் ரட்னரும் வளவு என்பதைக் குடும்ப அமைப்பின் பெயராகவே கையாள்கிறார்.

குடும்பத்தை அடையாளம் சொல்லும் வழக்கமும் இதோடு பொருந்துகிறது. பாட்டன், தகப்பன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த 'விலாசம்'தான் கடைக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் குடும்பத்துக்கும் அடையாளம். சா.ராம.மு. என்றால் அண்ணாமலைச் செட்டியார் குடும்பம் என்று ரங்கூனிலும் தெரியும்.

ரங்கூன் என்றதும் இன்னொரு சொல்லைத் தொடாமல் போக முடியாது: கிட்டங்கி. பர்மாவிலும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த பொது இடம் அது. சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவைத் தமிழர்கள் செட்டித் தெரு என்றே அழைத்தார்கள். நீளமான கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியும் சாய்வு மேசையும். பகலில் வட்டிக் கணக்கு, இரவில் அதே தரையில் பாய். வெனிஸில் இதற்கு நேர் இணை 'ஃபோண்டாக்கோ', அயல்நாட்டு வணிகர் தங்கிச் சரக்கு வைத்த விடுதி. அரபியின் 'ஃபுந்துக்' என்பதிலிருந்து வந்த சொல் அது. ரியால்ட்டோ பாலத்தருகே ஜெர்மானியருக்கென்று இருந்த ஃபோண்டாக்கோ பிற்காலத்தில் தபால் நிலையமாகி, பிறகு ஆடம்பரக் கடையாகியது. கிட்டங்கி என்பது நம் கிடங்கின் உறவுக்காரச் சொல். தெலுங்கில் கிட்டங்கி, மலாயில் குடாங், ஆங்கிலேயர் வாயில் கோடவுன் என்று கிழக்குக் கடல் முழுக்க அது அலைந்திருக்கிறது. கிட்டங்கியின் தரையில் பாய் விரித்துப் படுத்தவர்கள் அனுப்பிய பணத்தில்தான் ஊரில் வளவுகள் எழுந்தன. கட்டியவர்களில் பலர் அதில் வாழ்ந்த நாட்களைவிடக் கிட்டங்கியில் கழித்த நாட்களே அதிகம்.

பணம் வந்த வழியிலேயே நின்றும் போனது. 1930இன் பொருளாதாரச் சரிவில் நெல் விலை விழுந்தது. கடனைத் திருப்ப முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் அவர்களிடம் இருந்தது விளைநிலத்தில் சுமார் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். லாபமாகத் தெரிந்த இந்த ஏற்றம் பர்மியரின் கோபத்தை ஈட்டித் தந்தது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்ததும் ஆயிரக்கணக்கானோர் நடந்தே இந்தியா திரும்பினார்கள். விடுதலைக்குப் பின் பர்மிய அரசு நிலத்தைத் தேசியமயமாக்கியது. காரைக்குடியின் 'ஆயிரம் ஜன்னல் வீடு' 1941இல் கட்டப்பட்டதாகச் சொல்கிறார்கள். ஏறத்தாழ கடைசிப் பெருவீடுகளில் ஒன்று.

அதன் பிறகு வளவு என்ற சொல்லின் பொருளே வளவுக்கு எதிராகத் திரும்பியது. பொதுவாக இருந்தது பங்காகிவிட்டது. மூன்று தலைமுறையில் ஒரு வீட்டுக்குப் பல புள்ளிகள். சிலர் சென்னையில், சிலர் கோலாலம்பூரில், சிலர் அமெரிக்காவில். ஓடு மாற்ற வேண்டுமென்றால் எல்லாரிடமும் பணம் கேட்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் மழை உள்ளே இறங்கும். இடித்துப் பங்கு போடுவது அதைவிட எளிது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தூணும் நிலைக்கதவும் பீங்கான் தட்டும் விலைக்குக் கிடைப்பது இந்தக் கணக்கின் விளைவு. தூணை யார் வாங்கினாலும் தூணாகப் பயன்படும். வளவை அப்படி வாங்க முடியாது. சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா, செட்டிநாட்டு வணிகர் வீடு ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறது. நல்ல காரியம், ஆனால் அங்கே பார்வையாளர்தான் உண்டு, புள்ளி இல்லை.

இலங்கையின் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 2002இல் 'வெகந்த வலவ்வ' என்று ஒரு படம் எடுத்தார். செகாவின் 'செர்ரித் தோட்டம்' நாடகத்தைத் தழுவியது. கடனில் மூழ்கும் குடும்பமும் கைவிட்டுப் போகும் மாளிகையும்தான் கதை. ரஷ்யத் தோட்டத்துக்கு ஈடாக வலவ்வ என்பதே அவருக்குக் கிடைத்தது என்பதைக் காரைக்குடிக்காரர்கள் நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

சில வீடுகள் தப்பியிருக்கின்றன. கானாடுகாத்தானின் விசாலம், கடியாப்பட்டியின் சிதம்பர விலாஸ், பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் பெர்னார்ட் திராகோனும் மிஷேல் அத்மோனும் சீர்செய்த கோத்தமங்கலத்தின் சாரதா விலாஸ் ஆகியவை விடுதிகளாகிப் பிழைத்தன. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பட்டியலின் தலைப்பு கட்டடத்தைச் சொல்லாமல் தமிழ் வணிகர்களின் ஊர்களைச் சொல்வது ஆறுதல். வீடுகளை மட்டும் எண்ணியிருந்தால் நேரான தெருக்களும் ஊருணிகளும் கணக்கில் வந்திருக்காது.

வீட்டை விற்கும் முடிவுக்கு வந்த பங்காளிகளைக் குறை சொல்ல வெளியாருக்கு உரிமையில்லை. கூரைக்குப் பணம் தரப்போவது வெளியாரல்ல. ஆனால் கதவைக் கழற்றும் முன்பு ஒரு நாள் ஒதுக்கி, வீட்டின் ஆச்சிமார் யாரையாவது கூட்டி வந்து, முகப்பிலிருந்து தோட்டம் வரை நடக்கச் சொல்லி, எந்த இடத்துக்கு என்ன பெயர், எந்த அறை எந்தப் புள்ளிக்கு, எது எங்கே நடந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். கைப்பேசியில் பதிவு செய்தாலும் போதும். பட்டாலை, இரண்டாங்கட்டு போன்ற சொற்களின் பொருளை அகராதியிலிருந்து பாதிதான் தெரிந்துகொள்ள முடியும். மீதி அவர்களிடம் இருக்கிறது.