பாபநாசம் ஆலையிலிருந்து கொக்கிரகுளம் வரை

தோழர்களே,

பாபநாசத்துக்குப் போகிறவர்கள் பார்க்கும் இடங்கள் நமக்குத் தெரியும். பாபநாசநாதர் கோயில், அகத்தியர் அருவி, காரையாறு அணை; நேரமிருந்தால் மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலை. விக்கிரமசிங்கபுரத்தின் பழைய பஞ்சாலையைப் பேருந்துச் சன்னலில் பார்த்தபடி கடந்துவிடுகிறோம். இந்த இடங்களை உழைப்பின் வரலாறாகச் சேர்த்துப் படிக்கவே நாம் இங்கே கூடியிருக்கிறோம்.

1880களில் ஹார்வி சகோதரர்கள் இந்த மலையடிவாரத்துக்கு வந்தது தீர்த்தமாட அல்ல. எந்திரத்தை ஓட்டத் தாமிரபரணியின் வீழ்ச்சி இருந்தது. நூற்கத் திருநெல்வேலிச் சீமைப் பருத்தி இருந்தது. அவர்களே தூத்துக்குடியில் நடத்திய கோரல் ஆலையில் 1908இல் வேலைநிறுத்தம் நடந்தது. வ.உ.சி. முன்னின்ற அந்தப் போராட்டம் பாடநூலில் இடம்பெற்றுவிட்டது. பெருமைதான்.

மலைமேல் நடந்தது அப்படிப் பதியவில்லை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் எட்டாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு பாம்பே பர்மா நிறுவனத்திடம் கொடுத்தது. காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்களில் பெருந்தொகையினர் நம் மக்கள். தலைமுறை தலைமுறையாக லைன் வீடுகளில் வாழ்ந்தார்கள். கால் வைத்த மண்ணில் ஒரு சென்ட்டுக்கும் பட்டா இல்லை. ஜமீன் கொடுத்தது, கம்பெனி வாங்கியது. உழைத்தவர்களுக்கு அந்தப் பத்திரத்தில் இடமே இல்லை.

அந்த மக்கள்தான் கூலி உயர்வு கேட்டார்கள், சிறைக்குப் போனார்கள். சிறையிலிருப்பவர்களை விடுவிக்கக் கோரி 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனது. கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்க ஆற்றில் இறங்கியவர்களையும் விடவில்லை. ஒன்றரை வயதுக் குழந்தை உட்படப் பதினேழு உயிர்கள் போயின. ஆலையை ஓட்டிய அதே தாமிரபரணியில்தான். மேலே பாவம் போக்கும் தீர்த்தம் என்று மூழ்குகிறார்கள். கீழே நடந்த பாவத்தை அந்தத் தண்ணீரில் யார் கழுவுவது?

2024இல் விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கம்பெனி தோட்ட வேலையை முடித்துக்கொண்டது. காடு புலிகளுக்கு வேண்டும் என்கிறார்கள்; சரி. நான்கு தலைமுறை அங்கே உழைத்தவர்களுக்கு நிலம் எங்கே என்று நாம் கேட்கிறோம்.

மாணவத் தோழர்களே, அடுத்த முறை பாபநாசத்துக்கு வண்டி பிடித்தால் அருவியோடு திரும்பாதீர்கள். ஆலை வாசலில் சற்று நில்லுங்கள். மாஞ்சோலையிலிருந்து இறங்கியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கொக்கிரகுளம் ஆற்றங்கரைக்கு வாருங்கள். ஜூலை 23 அன்று நாம் அங்கேதான் இருப்போம்.