பதினோராம் தேதியும் பாட்டுரிமையும்



கடற்கரையை அடுத்த பள்ளியொன்றில் தமிழாசிரியனாகப் பணிபுரியும் யான், ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் 11ஆம் தேதியில் மாணாக்கரைக் கொண்டு பாரதியார் பாடல்களைப் பாடுவிப்பதை வழக்கமாகக் கொண்டுள்ளேன். ஒருமுறை அதற்கென ஒத்திகை நடந்துகொண்டிருக்கையில், எட்டாம் வகுப்பிற் படிக்கும் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, சினிமாப் பாட்டை மேடையிலே பாடினாற் பணம் கட்டவேண்டும் என்கிறார்களே, இந்தப் பாட்டுக்கு யாரிடம் அனுமதி வாங்கினீர்கள்?" என்று கேட்டான். ஏனையோர் நகைத்தனர். யான் நகைத்திலேன். பாட்டு யாருக்கு உரியது என்னும் அவ்வினாவின்பொருட்டு நம் மாகாணத்தில் வழக்கும் கிளர்ச்சியும் நிகழ்ந்த வரலாறு என் நினைவுக்கு வந்தது. அன்று அச்சிறுவனுக்குச் சொல்லியவற்றையே ஈண்டுச் சிறிது விரித்து எழுதுகின்றேன். அதே தேதியோடு தொடர்புடைய பிறநாட்டுப் பாடகர் சிலரது வாழ்வும் இவ்வினாவையே எழுப்புதலின், அவர்களையும் இடையே அழைத்துக்கொண்டேன்.

சித்திரபானு வருஷம் கார்த்திகை மாதம் 27ஆம் தேதி மூல நட்சத்திரத்தில், அஃதாவது 1882ஆம் வருஷம் டிசம்பர் 11ஆம் தேதியன்று, சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் புதல்வராகச் சுப்பிரமணியர் எட்டயபுரத்திற் பிறந்தார். இன்று நம் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூர் கரிசற் காட்டின் நடுவே உள்ளதாயினும், சங்கீத உலகத்தார்க்கு அதற்கு நெடுநாள் முன்னரே தெரிந்த ஊராகும். மும்மூர்த்திகளுள் ஒருவராகிய முத்துசாமி தீட்சிதர் 1835ஆம் வருஷம் தீபாவளியன்று அங்கேயே உடல் நீத்தார். அவரது சமாதியும் அங்கேயே உளது. அவர் தம்பியார் பாலுசாமி தீட்சிதர் அந்தச் சமஸ்தானத்து வித்துவானாக விளங்கினார். பாலுசாமி தீட்சிதரின் பேரரும் சுவீகார புத்திரருமாகிய சுப்பராம தீட்சிதர், தம் பரம்பரையிற் காக்கப்பட்டு வந்த கீர்த்தனைகளைச் சுரதாளக் குறிப்போடு தொகுத்து, 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூலாக 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சேற்றினார். குடும்பத்துக்குள் இருந்த பொருளை ஊர்ப்பொருளாக்கிய பெருஞ்செயல் அது. அரண்மனை வேலையை நீங்கிய பாரதியார் அதே 1904இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியிற் சில மாதங்கள் தமிழ்ப் பண்டிதராக இருந்து, பின்னர்ச் சென்னையிற் 'சுதேசமித்திரன்' பத்திரிகையிற் சேர்ந்தார். சில மாதங்களேயாயினும் தமிழாசிரியர் கூட்டத்துக்கு அஃதொரு பெருமையே.

பாரதியார் தம் பாடல்கள் பலவற்றுக்கு இராகமும் தாளமும் தாமே குறித்துள்ளார். எனினும் அவற்றை வித்துவான்கள் மாத்திரம் பாடுதற்கென அமைத்திலர். கும்மி, கிளிக்கண்ணி, நொண்டிச்சிந்து, காவடிச்சிந்து, ஆனந்தக்களிப்பு என்று, வழிநடையிலும் வாசற்றெருவிலும் வழங்கிய மெட்டுக்களைப் பெரிதும் எடுத்தாண்டார். கழுகுமலை முருகன்மீது சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்து அக்காலத்தில் இப்பக்கமெங்கும் பரவியிருந்தது. 1912இல் முதற்பாகம் வெளிவந்த 'பாஞ்சாலி சபத'த்தின் பெரும்பகுதி நொண்டிச்சிந்தேயாம். காவியம் பாடப் புகுந்த ஒருவர் விருத்தத்தை விட்டுத் தெருக்கூத்து மேடையில் நொண்டி பாடும் மெட்டைக் கைக்கொள்வது அந்நாட் பண்டிதர்க்கு எவ்வளவு கசந்திருக்கும் என்பதைப் பண்டிதனாகிய யான் நன்கு உணர்வேன். 'சங்கீத விஷயம்' என்னும் கட்டுரையில் அவர், கேட்போர்க்குப் பொருள் விளங்காத சில கீர்த்தனங்களையே வித்துவான்கள் ஓயாது திரும்பத் திரும்பப் பாடுதலைக் கடிந்தும் எழுதினார். பாட்டு எல்லாருடைய வாயிலும் வழங்கவேண்டும் என்பதே அவர் கொள்கை.

அவ்வாறே வழங்கியும் வந்தது. 1906இல் நம் துறைமுகத்தில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கிய காலத்தில், அவர்தம் நண்பராகிய பாரதியாரின் தேசியப் பாடல்கள் கூட்டங்களில் முழங்கின. 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர், அரசியலில் மிதவாதியாயிருந்தும், அப்பாடல்களுட் சிலவற்றைச் சிறு பிரசுரமாக அச்சிட்டு இலவசமாக வழங்கினார். 1908இற் சிதம்பரனார் சிறை புகுந்தார். பாரதியார் புதுச்சேரி சென்றார். பாரதியார் மறைந்து ஏழாண்டுகளுக்குப் பின்னரும், 1928இற் சென்னை அரசாங்கம் அவர் பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்ய, சத்தியமூர்த்தி சட்டசபையில் அதனைக் கண்டித்துப் பேசினார். 1936ஆம் வருஷம் நவம்பர் 18ஆம் தேதி, இதே தூத்துக்குடியில், சிதம்பரனார் தம் இறுதிவேளையிற் பாரதியார் பாடல்களைப் பாடச்சொல்லிக் கேட்டவாறே உயிர் நீத்தார் என்பர்.

இனி உரிமையைப் பற்றிச் சொல்லவேண்டும். 1920இற் பாரதியார் தம் நூல்கள் அனைத்தையும் நாற்பது தொகுதிகளாக வெளியிட எண்ணி, அதற்குப் பொருளுதவி வேண்டி நண்பர்களுக்கு விண்ணப்பம் விடுத்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் புத்தகங்கள் வீடுதோறும் செல்லும் என்பது அவர் நம்பிக்கை. (எட்டயபுரத்தைச் சூழ்ந்த ஊர்கள் பிற்காலத்தில் தீப்பெட்டித் தொழிலுக்கே பேர்போனவை ஆயின என்பது ஒரு விந்தை.) பணம் வந்திலது. மறு வருஷம் செப்டம்பரில், முப்பத்தெட்டு வயதில், அவர் திருவல்லிக்கேணியிற் காலமானார். அவர் மனைவியார் செல்லம்மாளும் உறவினரும் வறுமைக்கிடையே நூல்களை வெளியிட முயன்றனர். காலப்போக்கில் அச்சுரிமை பாரதியாரின் தம்பி விசுவநாதையரிடம் சேர்ந்தது. இசைத்தட்டு உரிமையோ தனியே பிரிந்து வணிகர் ஒருவரிடம் சென்று, அவரிடமிருந்து படமுதலாளி ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் கைக்கு வந்தது. செட்டியார் அதனை வீணாக்கினார் என்று சொல்லுதல் முறையன்று. 1947ஆம் வருஷத் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட 'நாம் இருவர்' படத்திற் பாரதியார் பாடல்களை டி. கே. பட்டம்மாள் பாடினார், சுதந்திரம் வருமுன்னரே அதனைக் கொண்டாடும் பாட்டு ஊர்தோறும் ஒலித்தது. ஆனால் ஒருவர் உரிமை கொண்டாடும்போது மற்றவர் வாய் அடைபடும் அன்றோ?

அடைபடவே செய்தது. டி. கே. எஸ். சகோதரர்கள் 1948இல் வெளியிட்ட 'பில்ஹணன்' படத்திற் பாரதியார் பாட்டொன்று இடம்பெற்றது. அதன்மேல் வழக்கு எழுந்தது. இவ்விடத்தில் நம் ஊராருக்கு ஒரு செய்தி. அச்சகோதரருள் ஒருவராகிய டி. கே. சண்முகம் நாடகக் கல்வி பெற்றது சங்கரதாஸ் சுவாமிகளிடம். சுவாமிகள் 1867இல் தூத்துக்குடியிற் பிறந்தவர். இசை நாடகத்தைப் பட்டிதொட்டிகளுக்குக் கொண்டு சென்றவர். எட்டயபுரத்தார் பாட்டைப் பாடியதற்காகத் தூத்துக்குடியாரின் மாணாக்கர் வழக்கை எதிர்கொண்டார் என்பது இரண்டூரையும் அறிந்த நமக்குச் சிறிது வேதனையும் சிறிது நகைப்பும் தருவது.

எழுத்தாளரும் நாடகத்தாரும் ஒன்றுகூடி, பாரதியார் பாடல்களை நாட்டுக்குப் பொதுவாக்கவேண்டும் என்று கிளர்ச்சி செய்தனர். 1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலிருந்த சென்னை அரசு அவ்வுரிமையைத் தானே ஏற்பதாக அறிவித்தது. பாரதியார் குடும்பத்தார்க்குத் தொகை வழங்கப்பட்டது. மெய்யப்பச் செட்டியார் தம் பங்குக்குக் காசொன்றும் பெறாமலே உரிமையை விட்டுக்கொடுத்தார். பின்னர்ச் சில ஆண்டுகளுள் அப்பாடல்கள் யாரும் அச்சிடலாம், யாரும் பாடலாம் என்னும் நிலையை எய்தின. ஒரு கவிஞரின் நூலுரிமையை அரசு பெற்று மக்களுக்கு அளித்தமை நம் நாட்டில் அதற்குமுன் நிகழ்ந்திலது. 1961இற் பி. ஆர். பந்துலு 'கப்பலோட்டிய தமிழன்' படம் எடுத்தபோது, பாரதியார் பாடல்களுக்கு ஜி. இராமநாதன் இசையமைக்க, சீர்காழி கோவிந்தராஜனும் திருச்சி லோகநாதனும் பிறரும் தடையின்றிப் பாடினர். இலங்கை வானொலி வாயிலாக அப்பாடல்களைக் கடலோரக் குடிசைகளிலிருந்து கேட்டவர் நம்மிடையே இன்னும் உளர்.

நிற்க. அதே டிசம்பர் 11ஆம் தேதியில் 1926ஆம் வருஷம் அமெரிக்காவின் அலபாமா நாட்டிற் 'பிக் மாமா' தார்ன்டன் என்னும் கறுப்பினப் பாடகி பிறந்தார். அவர் 1952இற் பதிவுசெய்த 'ஹவுண்ட் டாக்' என்னும் பாட்டு மிக்க புகழ் பெற்றது. 1956இல் எல்விஸ் பிரெஸ்லி அதனையே பாடி உலகப்புகழும் பெருஞ்செல்வமும் எய்தினார். அப்பாட்டினால் தமக்குக் கிடைத்தது 500 டாலரே என்று தார்ன்டன் பிற்காலத்திற் சொன்னார். அவ்வினத்தவராகிய சாம் குக் என்பவரோ இத்தகைய நிலை தமக்கு வாராதபடி, தம் பாடல்களுக்குச் சொந்தப் பதிப்பகமும் இசைத்தட்டு நிலையமும் அமைத்துக்கொண்டவர். அவரும் 1964ஆம் வருஷம் டிசம்பர் 11ஆம் தேதியன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் முப்பத்துமூன்றாம் வயதிற் சுடப்பட்டு மாண்டார். கறுப்பின மக்கள் விடுதலைப் போராட்டத்திற் பெரிதும் பாடப்பட்ட அவரது பாட்டொன்று தனித்தட்டாக வெளிவந்தது அவர் இறந்து பதினொரு நாட்களின் பின்னரே. இன்னும் ஒருவர்: அர்ஜெண்டினாவின் பாடகர் கார்லோஸ் கார்டெல், 1890ஆம் வருஷம் இதே தேதியிற் பிறந்தவர். துறைமுகச் சேரிகளில் மாலுமிகளும் கூலிகளும் ஆடிப்பாடிய டாங்கோவை உலகறியச் செய்தவர். அந்நாட்டில் டிசம்பர் 11ஆம் தேதியே டாங்கோத் திருநாள்.

நம் நாட்டுக்கு மீள்வோம். மதுரையில் 1916இற் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி 2004ஆம் வருஷம் டிசம்பர் 11ஆம் தேதி சென்னையிற் காலமானார். பாரத ரத்னா விருது பெற்ற முதல் இசைவாணர் அவரே. அவருக்கும் எட்டயபுரத்துக்கும் உள்ள தொடர்பு பலர் அறியாதது. 1941இல் அவர் 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்தார். அவ்வூதியத்தைக் கொண்டு அவர் கணவர் சதாசிவமும் எழுத்தாளர் ரா. கிருஷ்ணமூர்த்தியும் 'கல்கி' பத்திரிகையைத் தொடங்கினர். பாரதியார்க்குப் பிறந்த ஊரில் நினைவு மண்டபம் கட்ட அப்பத்திரிகையின் வாயிலாகவே கிருஷ்ணமூர்த்தி பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1947ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் இராஜாஜி அம்மண்டபத்தைத் திறந்து வைத்தார். பாரதியார் பிறந்த தேதியிலேயே, அவர் மண்டபத்துக்கு ஒருவாற்றான் கடைக்காலிட்ட அம்மையார் மறைந்தார். சித்தார் வித்துவான் ரவிசங்கரும் 2012இல் இதே தேதியில் அமெரிக்காவில் மறைந்தார். அவர் பிறந்த காசி, பாரதியார் இளமையிற் சில ஆண்டுகள் வாழ்ந்து கற்ற ஊர்.

இவையனைத்தும் கேட்டபின் அச்சிறுவன், "அப்படியானால் எங்கள் தாத்தா பாடுகிற அம்பாவுக்கு யார் சொந்தக்காரர்?" என்றான். அவன் பாட்டனார் இளமையிற் பாய்மரத் தோணியில் கொழும்புக்குப் போய்வந்தவர். நங்கூரம் தூக்கும்போதும் பாய் ஏற்றும்போதும் வலை இழுக்கும்போதும் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றையோர் கயிற்றின் இழுப்புக்கேற்பத் தொடர்ந்து பாடுவதே அம்பா. அதற்கு ஆசிரியர் பெயரில்லை, பிறந்த தேதியில்லை, வழக்காடுவாரும் இல்லை. 1961ஆம் வருஷத்தோடு நம் பார்களில் முத்துக்குளிப்பு நின்றது. விசைப்படகு வந்தபின் கயிறிழுக்கும் கைகளும் குறைந்தன. சுப்பராம தீட்சிதர் தம் வீட்டுக் கீர்த்தனைகளுக்குச் செய்ததை இப்பாட்டுக்களுக்குச் செய்தவர் நம் ஊரிற் சிலரே.

அவ்வாண்டு விழாவுக்கு அப்பெரியவரையும் அழைத்தோம். மேடையேறி நாற்காலியில் அமர்ந்தார். ஒலிபெருக்கியைக் கண்டதும் வாய் திறந்திலர். "வாத்தியாரய்யா, சும்மா உட்கார்ந்தா வராது. கயிறு வேணும்" என்றார். விளையாட்டு அறையிலிருந்து வடம் இழுக்கும் போட்டிக்குரிய கயிற்றைக் கொண்டுவரச் செய்தேன். ஒரு நுனியைத் தூணிற் கட்டி, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார். "ம், பிடிங்க தம்பி" என்று தாமும் கைவைத்தார். யான் குறிப்பேட்டைத் திறந்துகொண்டேன்.