ஏர்வாடியிலிருந்து எந்த வீட்டுக்கு?

சென்னையில் ஒருவரைப் பைத்தியம் என்று சொல்ல 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயர் போதும். மதுரையிலும் அதற்குக் கிழக்கே கடல்வரை விரிகிற வறண்ட சமவெளியிலும் அதே வேலையை 'ஏர்வாடி' செய்கிறது. "இவனை ஏர்வாடியிலதான் கொண்டுபோய்க் கட்டணும்" என்பது டீக்கடையில் சாதாரணமாக விழுகிற வசவு. இதில் கவனிக்க வேண்டியது வினைச்சொல்லை. கீழ்ப்பாக்கத்தில் ஆளைச் 'சேர்ப்பார்கள்', ஏர்வாடியில் 'கட்டுவார்கள்'. ஒன்று அரசின் மொழி, மற்றது மாட்டுத் தொழுவத்தின் மொழி. தென்தமிழ்நாட்டில் மனநோயாளிகளை அடைத்து வைத்ததன் வரலாற்றையும் அவர்களை வெளியே கொண்டுவரும் முயற்சியின் வரலாற்றையும் எழுதுகிறவர்கள் இந்த இரண்டு வினைகளுக்கும் இடையில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நாம் பூக்கோவைப் பேசிய அளவுக்கு ஏர்வாடியைப் பேசவில்லை. 1656-ல் பாரிசில் 'பொது மருத்துவமனை' என்ற பெயரில் ஏழைகளையும் பிச்சைக்காரர்களையும் பைத்தியங்களையும் ஒரே மதிலுக்குள் அடைத்ததை அவர் 'பெரும் அடைப்பு' என்று விவரித்தார். அந்தச் சட்டகத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே மாட்டினால் பொருந்தாது. சென்னையில் 1794-ல் தொடங்கிய பைத்தியக்கார விடுதி வாலண்டைன் கான்லி என்ற கம்பெனி அறுவை மருத்துவர் நடத்திய தனியார் விடுதி. கம்பெனி பணம் கொடுத்தது, அவர் ஆட்களைப் பராமரித்தார். 1871-ல் அது கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டத்துக்கு இடம்பெயர்ந்தபோது உள்ளே இருந்தவர்கள் 145 பேர். ஒரு மாகாணத்தின் மக்கள்தொகைக்கு இது எந்த மூலைக்கு? காலனி அரசுக்கு எல்லாப் பைத்தியங்களையும் அடைக்க ஆசையும் இல்லை, காசும் இல்லை. தெருவில் திரிந்து தொல்லை கொடுத்தவர்கள் மட்டுமே அதன் கண்ணில் பட்டார்கள். 1912-ன் பைத்தியச் சட்டம் திரிகிறவரைப் பிடிக்கப் போலீசுக்கும் உள்ளே அனுப்ப மாஜிஸ்திரேட்டுக்கும் அதிகாரம் கொடுத்தது. மருத்துவர் அந்த வரிசையில் பிறகுதான் வருகிறார்.

மதுரையிலிருந்து கீழ்ப்பாக்கம் 450 கிலோமீட்டருக்கு மேல். இருபதாம் நூற்றாண்டு முழுவதும் தமிழ்நாட்டுக்கு அரசு மனநல மருத்துவமனை என்று இருந்தது அது ஒன்றுதான். ஏர்வாடி அந்தத் தூரத்தில் பாதிகூட இல்லை. அதனால் மதுரை வட்டாரத்துக் குடும்பங்கள் தங்களுக்கென்று வேறொரு வழித்தடத்தைப் போட்டுக்கொண்டன. முதலில் குலதெய்வம், அடுத்து உடுக்கையடிக்கும் கோடாங்கி, பிறகு மேலமடைப் பாண்டி முனி, அதிலும் தீராவிட்டால் பஸ் ஏறி ராமநாதபுரம் வழியாக ஏர்வாடி சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீத் தர்கா. இந்த வழியில் சாதி மத வித்தியாசம் பார்க்கப்படவில்லை. தர்காவுக்கு வந்தவர்களில் இந்துக்கள் ஏராளம். விளக்கு எண்ணெய், ஓதிய தண்ணீர், வெள்ளிக்கிழமை, காத்திருத்தல். எப்போது ஊர் திரும்புவது என்பதைக் கனவில் வரும் உத்தரவு சொல்லும் என்பது அங்கே நிலவும் நம்பிக்கை.

கனவில் உத்தரவு! சிரிக்கத் தோன்றும். ஆனால் 1912 சட்டப்படி கீழ்ப்பாக்கத்திலிருந்து வெளியே வரப் பார்வையாளர் குழுவின் எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். ஓர் உத்தரவைக் கண்டவர் நோயாளியோ அவருடைய தாயாரோ. மற்றதை எழுதியவர்கள் அவரை மாதம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். பகுத்தறிவு எந்தப் பக்கம் இருக்கிறது என்ற கேள்வியை ஒரு நிமிஷம் ஒத்திவைத்துவிட்டு, உத்தரவு யார் கையில் இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.

கெட்டது எங்கே தொடங்கியது என்றால், குடும்பம் கூடவே தங்கிக் காத்திருந்த நிலை மாறியபோது. விதைப்பும் அறுப்பும் கூலியும் விட்டுவிட்டு எத்தனை மாதம் உட்கார்ந்திருக்க முடியும்? தர்காவைச் சுற்றித் தனியார் கொட்டகைகள் முளைத்தன. மாசம் இவ்வளவு என்று பேசி, ஆளை விட்டுட்டு ஊருக்குப் போயிடலாம். கொட்டகைக்காரருக்கு ஆள் பலம் கிடையாது, மருத்துவர் கிடையாது, இருந்தது சங்கிலி. சங்கிலிதான் அங்கே வார்டன், நர்ஸ், காவலாளி எல்லாம். இந்தக் கொட்டகைகளுக்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் 'ஹோம்'.

2001 ஆகஸ்ட் 6, அதிகாலை 5 மணிவாக்கில் மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகம் என்ற ஹோமின் கூரை தீப்பிடித்தது. உள்ளே நாற்பதுக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலோர் கட்டிப்போடப்பட்டவர்கள். அன்று 25 பேர் கருகினார்கள், அவர்களில் 11 பேர் பெண்கள். பின்னால் இறந்தவர்களையும் சேர்த்து 28. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் 13 அன்று இந்த மாதிரி ஹோம்கள் எல்லாம் மூடப்பட்டு 500-க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்பில் வந்தார்கள். ராமதாஸ் கமிஷன் விசாரித்தது. 2007-ல் ஹோமின் உரிமையாளருக்கும் அவர் மனைவிக்கும் உறவினர் இருவருக்கும் ஏழாண்டுத் தண்டனை கிடைத்தது. 1987-ன் மனநலச் சட்டம் 1993 ஏப்ரலிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. உரிமம் இல்லாமல் இப்படி நடத்தக் கூடாது என்று அது தெளிவாகச் சொன்னது. எட்டு வருஷமாக அந்தச் சட்டம் எந்த பஸ்ஸில் ஏர்வாடிக்கு வந்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதிகாரிகள் யாரும் தண்டிக்கப்பட்டவர்களின் அந்த வரிசையில் இல்லை.

தீக்குப் பிறகு எழுந்த பேச்சில் 'மூடநம்பிக்கை' என்ற சொல்தான் அதிகம் புழங்கியது. நம் தோழர்களும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு அது அரை உண்மையாகவே படுகிறது. எரிந்தது தர்கா அல்ல, தர்காவை ஒட்டி நடந்த வியாபாரம். அந்த வியாபாரத்தில் நம்பிக்கையைவிட அதிகமாக இருந்தது இல்லாமை: பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாமை, மாத்திரை இல்லாமை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமை. அடுத்த ஆண்டு, 2002-ல், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ரகுராமும் அவருடைய சக மருத்துவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை அவர்கள் பார்த்திருந்தார்கள். கட்டணம் இல்லை, மாத்திரை இல்லை. உறவினர் ஒருவர் கூடத் தங்க, கோயில் வேலைகளில் கைகொடுத்துச் சராசரியாக ஆறு வாரம் இருந்தவர்களுக்கு, நோய்க்குறிகளை அளக்கும் அளவுகோலில் சுமார் 20 சதவீதம் குறைவு. சாமி குணமாக்கியது என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. தொல்லையில்லாத, அரவணைப்பான ஓர் இடம் என்றார்கள். 31 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. இருந்தாலும் ஹோமுக்கும் கோயிலுக்கும் உள்ள வித்தியாசத்தை இது காட்டிக்கொடுக்கிறது. கோயிலில் குடும்பம் கூட இருந்தது, சங்கிலிக்குப் பதில் துடைப்பம் இருந்தது.

அந்த 500 பேருக்கு என்ன ஆயிற்று? ஒரு பகுதியினர் கீழ்ப்பாக்கத்துக்கு ஏற்றப்பட்டார்கள். மற்றவர்களைக் குடும்பங்களை வரச்சொல்லி ஒப்படைத்தார்கள். செய்தித்தாள்கள் இதை விடுதலை என்று எழுதின. சங்கிலி அறுந்தது உண்மை, அது சின்ன விஷயமும் இல்லை. ஆனால் தனியார் கொட்டகையிலிருந்து அரசு வார்டுக்குப் போனவருக்குச் சாவி கைமாறியது, அவ்வளவுதான். வீட்டுக்குப் போனவர்கள் எந்த வீட்டுக்குப் போனார்கள்? முதலில் அவர்களைக் கட்டிய வீட்டுக்கு. கட்டியதற்கான காரணங்களில் ஒன்றுகூட அந்த ஒரு வாரத்தில் மாறியிருக்கவில்லை.

'சமூகத்தோடு ஒருங்கிணைத்தல்' என்று திட்ட அறிக்கைகள் எழுதுகின்றன. மதுரைப் பக்கம் 'சமூகம்' என்றால் என்ன? "நம்ம சமூகத்து ஆளுங்கதான்" என்று ஒருவர் சொன்னால் அது சாதி. கல்யாண மண்டபத்தின் பெயர்ப்பலகையில் 'சமூகம்', பஸ் ஸ்டாண்டு போஸ்டரில் 'சமூகம்', எல்லாம் சாதிதான். மொழிபெயர்ப்புச் சொல் ஒன்றைச் சொல்ல, ஊர் வேறொன்றைக் கேட்கிறது. ஊர் என்றும் சேரி என்றும் இரண்டாகப் பிளந்து கிடக்கும் இடத்தில், ஊர்க்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் பைத்தியம் பிடித்தால் "பாவம், காத்துக் கருப்பு" என்பார்கள். சேரிக்காரப் பையன் அதே நிலையில் ஊர்த்தெருவில் நடந்தால் முதலில் விழுவது அடி. இந்தச் சமூகத்தோடா ஒருங்கிணைப்பது? இந்தக் கேள்வியைக் கேட்காத மறுவாழ்வுத் திட்டம் ஓர் ஒடுக்குமுறையிலிருந்து எடுத்த ஆளை அதைவிடப் பழைய ஒடுக்குமுறைக்குள் போட்டுவிட்டுக் கணக்கை முடித்துவிடும்.

குடும்பம் என்ற சொல்லும் அப்படித்தான். இந்திய மனநல மருத்துவம் குடும்பத்தைத் தன் பெருமையாகச் சொல்லிக்கொள்வது வழக்கம். அதற்கு நியாயமும் உண்டு. 1950களில் அமிர்தசரஸில் வித்யா சாகர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டு நோயாளியோடு உறவினரைத் தங்கவைத்தார். 1957-ல் வேலூர் பாகாயத்தில் பிளாரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கிய மையத்திலும் குடும்பம் கூடத் தங்குவதே முறை. ஐரோப்பாவில் அப்போது இது வழக்கமாக இல்லை. ஆனால் குடும்பத்தில் யார் தங்கினார்கள், யார் சோறு ஊட்டினார்கள்? கீழ்ப்பாக்கத்தின் பொறுப்பில் 1961 முதல் இருந்த சாரதா மேனன் 1984-ல் சென்னையில் ஸ்கார்ப் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே ஆர். தாராவும் மற்றவர்களும் மனச்சிதைவு நோயால் மணவாழ்வு முறிந்த பெண்களைப் பற்றி ஆராய்ந்து 2003-ல் எழுதியதைப் படித்தால் விடை தெரியும். கணவன் விட்டுவிட்டான், பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டாள், வயதான அப்பா அம்மா பார்த்துக்கொள்கிறார்கள், ஜீவனாம்சம் பெரும்பாலும் வருவதில்லை. எங்களுக்குப் பிறகு இவளுக்கு யார் என்பதுதான் அந்தப் பெற்றோரின் கவலை. ஆணுக்கு நோய் என்றால் பெண்டாட்டி கூட இருப்பாள், இருக்க வைப்பார்கள். 'குடும்பப் பராமரிப்பு' என்பது கூலியில்லாத பெண் உழைப்புக்கு வைத்த நல்ல பெயர்.

இத்தாலியில் பிராங்கோ பசாக்லியா 1971-ல் திரியெஸ்தே மருத்துவமனைக்குப் பொறுப்பேற்றபோது உள்ளே சுமார் 1200 பேர். 'தொழில் சிகிச்சை' என்ற பெயரில் நோயாளிகளிடம் ஓசியில் வேலை வாங்குவதை நிறுத்தி, அவர்களையே கூட்டுறவுச் சங்கமாக்கி, அதே வேலைக்குக் கூலி கொடுத்தார்கள். நகருக்குள் வாடகைக் குடியிருப்புகள் எடுத்தார்கள். இதெல்லாம் நடந்த பிறகுதான் 1978 மே மாதம் 180-ஆம் எண் சட்டம் வந்து பைத்தியக்கார விடுதிகளை மூட உத்தரவிட்டது. அமெரிக்கக் கதை வேறு. 1955-ல் அங்கே மாநில மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சம் பேர். 1963-ல் கென்னடி கையெழுத்திட்ட சட்டம் ஊருக்கு ஊர் மையங்கள் வரும் என்றது. மருத்துவமனைகள் காலியாயின, மையங்கள் பாதிக்கு மேல் வரவில்லை, ஆட்கள் நடைபாதைக்கும் ஜெயிலுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். மூடுவது செலவைக் குறைக்கும் என்பதால் எந்த அரசும் அதை ஆவலோடு செய்யும்.

இங்கே நடந்தவை சிறிய முயற்சிகள். 1996-ல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் முதல் நான்கு மாவட்டங்களில் திருச்சி ஒன்று. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. மாத்திரை கிட்டத்தில் கிடைப்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது 450 கிலோமீட்டர் பயணம் போனவர்களுக்குத் தெரியும். மதுரையில் 1992-ல் டாக்டர் சி. ராமசுப்பிரமணியன் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை பகல்நேரப் பராமரிப்பு, தொழிற்பயிற்சி என்று இயங்கியது. குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் 2008-ல் தொடங்கிய 'மருந்தும் துவாவும்' முறை ஏர்வாடிக்கும் வந்தது. ஓதிய தண்ணீரை நிறுத்தச் சொல்லாமல் பக்கத்திலேயே மாத்திரையும் கொடுப்பது. மூடநம்பிக்கைக்கு இடம் கொடுப்பதா என்று கோபப்படுகிற நண்பர்கள் உண்டு. கோபப்படட்டும், ஆட்களைச் சங்கிலிக்காரரிடம் போகவிடாமல் தர்கா வாசலிலேயே மறிக்க வேறு வழியை அவர்கள் சொல்லவில்லை.

வீடு என்ற கேள்வியை நேராக எடுத்தது தி பான்யன். 1993-ல் சென்னையில் தெருவில் கிடந்த பெண்களுக்காக வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தொடங்கியது. காப்பகத்திலேயே வருஷக்கணக்கில் தங்கிப்போனவர்களை என்ன செய்வது என்ற நெருக்கடியில் 2015-ல் 'ஹோம் அகெய்ன்' பிறந்தது. நாலைந்து பேர் சேர்ந்து, சாதாரணத் தெருவில், வாடகை வீட்டில். ஒத்தாசைக்கு ஒரு பணியாளர். யார் யாரோடு தங்குவது, என்ன சமைப்பது, எப்போது கடைக்குப் போவது எல்லாம் அவர்கள் முடிவு. ஏர்வாடிக் கொட்டகை வாயில் அசிங்கப்பட்ட 'ஹோம்' என்ற சொல்லுக்கு இங்கே வாடகையும் அடுப்பும் கிடைத்தன.

2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 95-ஆம் பிரிவு எந்த வடிவிலும் சங்கிலியைத் தடுக்கிறது. 19-ஆம் பிரிவு அதைவிட முக்கியம்: குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை, வெளியே வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்தில் வைத்திருக்கக் கூடாது. 2019-ல் 43 அரசு மனநல மருத்துவமனைகளைப் பார்த்து எழுதிய அறிக்கையின்படி, உள்ளே இருந்தவர்களில் 36 சதவீதத்துக்கு மேல் ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவர்கள். கணிசமானவர்களுக்கு அந்த நான்கு காரணங்கள்தான்.

சட்டம் கொடுத்துவிட்டது, வீடு பார்க்கலாம் என்று மதுரையில் கிளம்பினால் வீட்டுக்காரர் முதலில் கேட்பது "நீங்க என்ன ஆளுக?" அடுத்தது "வேலை என்ன?" மூன்றாவதாக ஒப்பந்தப் பத்திரம். 1872-ன் ஒப்பந்தச் சட்டப்படி சித்தம் தெளிவில்லாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. தெளிவாக இருக்கும் நேரத்தில் போட்டால் செல்லும். அந்த நேரம் தெளிவான நேரம்தான் என்று யார் சான்று கொடுப்பது? இப்படிப்பட்டவரிடம் எந்த வீட்டுக்காரரும் கையெழுத்து வாங்கமாட்டார். நிறுவனத்தின் பெயரில் பத்திரம் போட்டால் காரியம் நடக்கும், ஆனால் சாவி மறுபடி நிறுவனத்திடம். வீடும் அதன் கிளை வார்டாகிவிடலாம். குடியிருப்பவர் தன் பெயரிலேயே கையெழுத்துப் போட்டு, அட்வான்ஸ் கட்டி, ரசீது வாங்கிக்கொள்ள அந்த 145 வருஷம் மூத்த சட்டத்தை என்ன செய்யப்போகிறார்கள் என்று 2017 சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.